குடை இல்லாத ஊரும் கொங்காணி போட்ட மலையும்

பதுளைக்கும் எல்லவுக்கும் இடையில் கோச்சி ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஆறுதலாகத்தான் ஏறும். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வரும் வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் எல்லவிலேயே இறங்கிவிடுவார்கள். அதனால் பாதை முடியும் பதுளையிலிருந்து எதிர்த்திசையில் ஏறுகிறவனுக்கு ஜன்னலோரம் கிடைப்பதில் சிரமம் இல்லை. ஹாலிஎல தாண்டியதும் தேயிலை தொடங்கும். தெமோதரையில் வண்டி முதலில் நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையை ஒரு வளையம் சுற்றி வந்து, அதே நிலையத்தின் மேடையில் போய் நிற்கும். எத்தனை முறை பார்த்தவர்களும் அந்த இடத்தில் தலையை வெளியே நீட்டத்தான் செய்கிறார்கள். பிறகு காடு, சுரங்கம், 1921இல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகக் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம், அதன் மேலும் கீழும் கமெராவோடு நிற்கும் கூட்டம். அதைக் கடந்தால் எல்ல.

என் பையில் ஒரு படப்புத்தகம் இருந்தது. சிபில் வெத்தசிங்க எழுதி வரைந்த ‘குட ஹொரா’, குடைத் திருடன். எல்லவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் ஆசிரிய நண்பர், “ஒரு நாளைக்கு வந்து கதை சொல்லுங்க” என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் மழை. ஊவாவில் தென்மேற்குப் பருவத்தின்போது அடிப்பது வறட்சியான காற்று. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அந்தக் காற்றுதான். மழை பெய்வது ஒக்டோபருக்குப் பிறகு. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும்; மத்தியானம் தாண்டியதும் நமுனுகுல மலையின் தலையில் கறுப்பு கட்டும்; இரண்டு மணிக்கெல்லாம் கொட்டத் தொடங்கும். நான் போனது அந்த மாதங்களில்தான்.

எல்ல இப்போது ஒரே தெருவில் அடங்கிய உலகம். பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில். மசாஜ், சமையல் வகுப்பு, சிங்கப்பூரில் கிடைக்கும் விலைக்குக் கோப்பி. நான் தங்கிய விடுதியின் வரவேற்பறையில், பயணிகள் வாசித்துவிட்டு விட்டுப்போன புத்தகங்களை ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். துப்பறியும் நாவல்களுக்கு நடுவே அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலச் சிறுவர் பாடல் தொகுதி. உள்ளே எட்வர்ட் லியரின் ஆந்தையும் பூனையும் பச்சைப் படகில் போய்க்கொண்டிருந்தன. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அந்த ஆந்தைக்கு மீசை வரைந்திருந்தது.

எட்வர்ட் லியர் 1874இல் இலங்கைக்கு வந்தவர். ஊவாவை அவர் பார்க்கவில்லை. எல்லவுக்கு ரயில் பாதை வர அப்போது இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஆனாலும் ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் எழுத்தையும் ஓவியத்தையும் ஒரே கையால் செய்த முன்னோடிகளில் ஒருவர் நம் பக்கம் வந்து போனார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அதற்காகவே அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1812இல் இலண்டனுக்கு அருகே பிறந்தவர். வீட்டில் இருபத்தொரு பிள்ளைகள்; இவர் இருபதாவது. தகப்பன் கடனில் மூழ்க, மூத்த அக்கா ஆன்தான் இவரை வளர்த்தார். சின்ன வயதிலிருந்தே காக்காய் வலிப்பு. அதை வாழ்நாள் முழுக்க ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார். பதின்ம வயதிலேயே படம் வரைந்து வயிறு வளர்க்க வேண்டிய நிலை. அந்தக் காலத்துப் பறவை ஓவியர்கள் வைக்கோல் அடைத்த செத்த பறவைகளைப் பார்த்துத்தான் வரைவார்கள். லியர் இலண்டன் மிருகக்காட்சிச் சாலைக்குப் போய், உயிருள்ள கிளிகளை எதிரில் வைத்து வரைந்தார். 1832இல் வெளிவந்த அந்தக் கிளிப் புத்தகம் அவருக்கு இருபது வயதாவதற்குள் பெயர் வாங்கித் தந்தது. அதைப் பார்த்த டார்பி பிரபு தன் மாளிகையிலிருந்த மிருகங்களை வரையக் கூப்பிட்டார். பகலில் பிரபுவின் மிருகங்கள். மற்ற நேரத்தில் அந்த வீட்டுச் சிறுவர்களுக்குக் கிறுக்குத்தனமான ஐந்தடிப் பாட்டும் அதற்கு ஒரு கோட்டோவியமும். 1846இல் அவை புத்தகமாயின. அதே ஆண்டில் விக்டோரியா மகாராணிக்குச் சித்திரப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

அந்த மனிதர் தன் அறுபத்தோராவது வயதில், அப்போதைய வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் பம்பாயில் வந்து இறங்கினார். 1873 நவம்பர். கூடவே கோர்ஃபுத் தீவைச் சேர்ந்த ஜார்ஜியோ கோக்காலி என்ற வேலையாள். ஓராண்டுக்கு மேல் இந்தியாவைச் சுற்றிச் சுற்றி வரைந்தார். தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது 1874இன் பிற்பகுதியில்: சென்னை, காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சி, ஊட்டி. பிறகு கப்பலில் இலங்கை. இங்கே ஜார்ஜியோ வயிற்றுக்கடுப்பில் படுத்துவிட, பயணம் தடைப்பட்டது. ஊழியனைக் கவனித்துக்கொண்டு லியர் திரும்பிப் போனார்.

விடுதித் திண்ணையில் மழையைப் பார்த்தபடி இதை யோசித்தபோது எனக்கு அந்த ஆண்டுதான் உறுத்தியது. 1874இல் லியர் திருச்சியில் மலைக்கோட்டையை வரைந்துகொண்டிருந்தார். அதே திருச்சி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மன்னாரில் கரையேறி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பாதிப் பேரைப் பறிகொடுத்த கூட்டங்களும் உண்டு. அப்போது இந்த மலைகளில் இருந்தது கோப்பி. அதை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1869இல், இதே ஊவாவின் மடூல்சீமையில். லியரின் ஓவியக் கட்டில் கோபுரம் இருக்கிறது, பனை இருக்கிறது, மலை இருக்கிறது. நடந்து வந்தவர்கள் அவர் கண்ணில் படும் பாதையில் வரவில்லை. அவர்களை யாரும் வரையவில்லை.

லியருக்கும் சிபில் வெத்தசிங்கவுக்கும் இடையில் ஒரு நூற்றாண்டும் ஒரு பேரரசும் கிடக்கின்றன. ஆனால் தொழில் ஒன்று: தானே எழுதித் தானே வரைவது. சிபில் 1927இல் காலிக்குப் பக்கத்தில் ஜிந்தொட்ட என்ற கிராமத்தில் பிறந்தார். ஆறு வயது வரை அங்கேதான். பிறகு குடும்பம் கொழும்புக்கு வந்தது. பம்பலப்பிட்டி திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படிப்பு. ஓவியப் பள்ளி எதற்கும் போனவர் அல்லர். பதின்பருவத்திலேயே றோயல் ஆரம்பப் பாடசாலைத் தலைமையாசிரியர் எச். டி. சுகதபால தன் சிங்கள வாசிப்பு நூலுக்குப் படம் வரையும் வேலையை அவரிடம் கொடுத்தார். 1948இல் ‘லங்காதீப’ பத்திரிகையில் சேர்ந்தார். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த பத்திரிகைக் காரியாலயத்தில் ஒரு இளம்பெண் மைக்கூட்டோடு போய் உட்கார்ந்தது அன்றைக்குச் சின்ன விஷயம் அல்ல. பிறகு லேக் ஹவுஸின் ‘ஜனதா’. அங்கே ஆசிரியப் பொறுப்பிலிருந்த தர்மபால வெத்தசிங்கவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1948 என்ற எண்ணை இன்னொரு முறை பாருங்கள். சிபில் பத்திரிகைக்குள் கால் வைத்த அதே ஆண்டில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்கள் ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆனார்கள். ‘குட ஹொரா’ புத்தகமாக வந்தது 1956இல். அது சிங்களம் மட்டும் சட்டத்தின் ஆண்டு. ஒரு குழந்தைக் கதையின் தலையில் இதையெல்லாம் சுமத்துவது அநியாயம். சிபிலின் கதையில் பகை இல்லை, துவேஷம் இல்லை. மழையும் சிரிப்பும்தான் இருக்கின்றன. ஆனால் கொழும்பில் அச்சான ஒரு சிங்களப் படப்புத்தகம் பதுளைத் தோட்டத்துப் பிள்ளையின் மடிக்கு வந்து சேராமல் போனதற்கு அந்தக் காலம் காரணம். அன்றைய தோட்டப் பள்ளிக்கூடம் என்பது ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு வரை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அந்தப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது.

கதை இதுதான். ஒரு கிராமத்தில் யாரும் குடையைக் கண்டதே இல்லை. மழை வந்தால் வாழையிலையையோ சேம்பிலையையோ தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். கிரி மாமா முதல் முறையாகப் பட்டணம் போகிறார். எல்லாரும் விரித்துப் பிடித்துக்கொண்டு நடக்கும் அந்தச் சாமானைப் பார்த்து மலைத்துப்போய் ஒன்று வாங்குகிறார். ஊர் திரும்பும் வழியில் கோப்பி குடிக்கக் கடையில் ஒதுங்கும்போது குடையை வெளியே ஒளித்து வைக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் காணோம். மறுபடி வாங்குகிறார், மறுபடி காணோம். கடைசியில் குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். துண்டுகள் சிந்திய தடத்தைப் பிடித்துப் போனால், ஒரு மரத்தில் அத்தனை குடைகளும் தொங்குகின்றன. திருடன் ஒரு குரங்கு. கிரி மாமா குடைகளை எடுத்துக்கொள்கிறார். குரங்குக்கு ஒன்றை விட்டுவிட்டு வருகிறார். அதற்கப்புறம் அந்த ஊரில் ஒரு குடைக்கடை.

இவ்வளவுதான் கதை. 1986இல் ஜப்பானில் சிறந்த வெளிநாட்டுச் சிறுவர் நூலாகத் தெரிவாகும் அளவுக்கு இதில் என்ன இருந்தது? என் கணிப்பு இது. சிபில் தன் கண்ணால் கண்ட கிராமத்தை மட்டுமே வரைந்தார். கொழும்பில் எழுபது, எண்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அவருடைய கோடு ஜிந்தொட்டவை விட்டு வெளியேறவே இல்லை. மனிதர்களின் இடுப்பு வளைவு, கிராமத்துப் பெண்கள் உட்காரும் தோரணை, மரத்தின் கிளை எல்லாம் ஒரே சுழிப்பில் ஓடும். ஆறு வயது வரை பார்த்ததை வைத்து ‘சைல்ட் இன் மீ’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு நினைவு நூலே எழுதினார். லியர் உயிருள்ள கிளியைப் பார்த்து வரைந்தது போல இவர் உயிருள்ள ஒரு ஊரைப் பார்த்து வரைந்தார். இருநூறுக்கு மேற்பட்ட புத்தகங்கள் செய்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு ஒரு கதையை எழுதி, முடிவை மட்டும் பிள்ளைகளிடம் விட்டார். அவர்கள் எழுதிய 1,250 முடிவுகளோடு வந்த அந்த நூல், அதிக மாற்று முடிவுகள் கொண்ட புத்தகம் என்று 2020இல் கின்னஸ் சாதனையானது. அதைப் பார்த்துவிட்டு அதே ஆண்டு ஜூலை 1ஆம் திகதி காலமானார்.

மறுநாள் காலை ஆட்டோவில் தோட்டத்துக்குப் போனேன். தார் ரோட்டை விட்டு இறங்கியதும் எல்ல என்ற சுற்றுலா ஊர் துண்டாக அறுந்துபோகிறது. ஆங்கிலப் பலகைகள் நின்றுவிடுகின்றன. முனியாண்டி கோயில், பீலிக்கரையில் வரிசையாகக் குடங்கள், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா, அதற்கப்பால் தொழிலாளர் குடியிருக்கும் மூன்று வரிசை லயம். தகரத்தின் மேல் காற்றுக்குக் கல் அடுக்கியிருந்தது. நண்பர் வாசலில் நின்றிருந்தார். “மழைக்கு முந்தி வந்துட்டீங்க, நல்லது. வகுப்பு பத்து மணிக்குத்தான். வாங்க, மலைக்குப் போயிட்டு வருவோம்.”

பெண்கள் மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போனபோது தூறல் போட்டது. யாரும் ஓடவில்லை. இடுப்பில் ஏற்கெனவே ரெட்டு கட்டியிருந்தார்கள். உரச் சாக்கைப் பிரித்து முழங்கால் வரை சுற்றிக் கயிற்றால் இறுக்கிய உடுப்பு அது. ஈரச் செடி உரசி உரசி அதன் முன்பக்கம் மட்டும் கறுத்துப் பளபளத்தது. கூடையின் பட்டை உச்சந்தலையில் மாட்டியிருக்கிறது. அது வழுக்காமல் இருக்க ஒரு துணி மடிப்பு. ஒரு அம்மா கூடைக்குள்ளிருந்து மடித்த பொலித்தீன் படங்கை எடுத்தார். ஒரு மூலையை உள்ளே மடக்கிக் கூம்பாக்கி, தலைக்கு மேலே பட்டையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார். இதுதான் கொங்காணி. முகம் மறைந்துவிட்டது. முதுகும் கூடையும் மூடிவிட்டன. இரண்டு கையும் மட்டும் வெளியே, நிற்காமல் எடுத்துக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் இதைக் கறுப்புக் கம்பளியில் போடுவார்கள். தோட்டமே கம்பளி கொடுத்து, சம்பளத்தில் காசைப் பிடிக்கும் காலம் அது. நனைந்த கம்பளியின் கனத்தையும் நாற்றத்தையும் பற்றி இன்றைக்கும் கிழவிகள் பேசுவார்கள்.

“அட்டை ஏறும் தம்பி, சவுக்காரம் தேச்சிக்கிட்டீங்களா?” என்று கொங்காணிக்குள்ளிருந்து ஒரு குரல். இல்லை என்றேன். அவருக்கு அது நல்ல பகிடி. அடுத்த நிரைக்காரிக்கும் சொல்லிச் சிரித்தார். மழையில் கொழுந்து நனைந்தால் மடுவத்தில் நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கிலோக்கணக்கில் கழித்துவிடுவார்கள் என்று பேச்சு வளர்ந்தது. “வானம் ஊத்துற தண்ணிக்கு நாங்க கணக்குக் குடுக்கணும்” என்றார். நிரைக்கு மேலே, ரோட்டு ஓரமாக நின்ற மேற்பார்வைக்காரர் கையில் மட்டும் ஒரு குடை இருந்தது. மலையகத்தில் குடை என்றைக்குமே ஓர் அந்தஸ்து. பழைய படங்களில் கோட்டும் தலைப்பாகையும் போட்ட பெரிய கங்காணியின் கையில் அது இருக்கும். கூடை சுமக்கிறவர் கையில் இருக்காது, இருக்கவும் முடியாது.

வகுப்பு, பிள்ளைக்காம்பராவை ஒட்டிய ஒரு பழைய அறையில். கதைக்கு முன்னால் ஒரு வேலை கொடுத்தேன். ஆளுக்கொரு தாள். “உங்க ஊர்ல மழை பெய்யுது. அதை வரைங்க.” கலர் பென்சில்களுக்கு அடிபட்டுக்கொண்டு வரைந்தார்கள். வாங்கிப் பார்த்தால் பெரும்பாலான தாள்களில் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் கண்ணும் வாயும் வைத்த சூரியன், ஓட்டுக்கூரை போட்ட தனி வீடு, புகைபோக்கி, வாசலுக்கு ஓர் ஆறு, பக்கத்தில் ஒரு தென்னை. மேலிருந்து நீலக் கோடுகளாக மழை. அந்த லயத்தைச் சுற்றி ஒரு தென்னையும் கிடையாது. ஓட்டுக்கூரை வீடு அந்தப் பிள்ளைகளில் யாருக்கும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நிஜமான மழையில் நிஜமான லயம் நனைந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாடப்புத்தகத்தில் ஊர் என்றால் அப்படித்தான் இருக்கும். ஆகவே ஊரை அப்படித்தான் வரைய வேண்டும்.

பிறகு கதை. வாழையிலை, சேம்பிலை என்றதும் ஒரு பையன் கையைத் தூக்கினான். “அந்த ஊர்ல கொங்காணி இல்லையா சேர்?” இல்லை, அது கடலோர ஊர் என்றேன். “அப்ப பாவம்” என்றான். முதல் குடை தொலைந்த பக்கத்தைக் காட்டி, யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்டதுதான் தாமதம், “கொரங்கு!” என்று பாதி வகுப்பு கத்தியது. ஜப்பானியப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்த மர்மம் இவர்களிடம் இரண்டு நிமிடம் தாங்கவில்லை. லயத்துத் தோட்டத்தில் போஞ்சி, கொய்யா, காயப்போட்ட சட்டை வரை தூக்கிக்கொண்டு போகிற குரங்கை அன்றாடம் துரத்துகிறவர்கள் அவர்கள். குரங்குக்கு ஒரு குடையை விட்டுவிட்டு வந்தது மட்டும் அவர்களுக்கு ஒப்பவில்லை. “இன்னும் கேக்கும் சேர், பாருங்க.”

கடைசியில் சிபில் செய்ததைப் போலவே கேட்டேன்: கிரி மாமா உங்க தோட்டத்துக்குக் குடை கொண்டுவந்தால் என்ன நடக்கும்? ஒரு நிமிடம் சத்தமில்லை. முன்வரிசையில் இருந்த, ஏழு எட்டு வயது இருக்கும் பெண் எழுந்து நின்றாள். “எங்கம்மாவுக்குக் கொடை குடுத்தா, கொழுந்து எந்தக் கையால எடுக்கும்?”

சட்டென்று என்னிடம் பதில் இல்லை. பதிலை அவர்களே ஆளுக்கொரு பக்கமாகக் கட்டினார்கள். குடைக் கம்பைக் கூடைக்குள் நட்டுவிட வேண்டும் என்றது ஒன்று. அப்படியென்றால் காற்றுக்கு அம்மாவே தூக்கிக்கொண்டு எல்ல மலைக்குப் போய்விடுவார் என்றது இன்னொன்று. மடுவத்துக்கு மேலே பெரிய குடை ஒன்றை விரித்தால் தண்ணீர்க் கழிவு இருக்காது என்று கணக்குத் தீர்த்தான் ஒரு பெரிய பையன். அவன் அம்மா வீட்டில் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன். குரங்குக்கே கொங்காணி போட்டுவிட்டு, அதைக் கொழுந்து எடுக்க அனுப்பி, அம்மாமார் எல்லாரும் வீட்டில் படுத்துத் தூங்கலாம் என்ற முடிவுக்குத்தான் அன்றைக்குக் கைதட்டல் அதிகம்.

இரண்டாவது தாள் கொடுத்தேன். இந்த முறை தென்னை குறைந்தது. கேள்வி கேட்ட அந்தப் பெண் தாளைக் குறுக்காகத் திருப்பிக்கொண்டாள், நீளம் போதாதென்று. ஒரு நீண்ட கூரை. அதற்குக் கீழே கதவு, கதவு, கதவு. ஒரு கதவு மட்டும் பச்சை. “அது எங்கூடு.” முன்னால் முகமே இல்லாத ஒரு முக்கோணம், அதிலிருந்து இரண்டு கை. யார் என்று கேட்டேன். “அப்பாயி. கொங்காணி போட்டிருக்கு, மொகம் தெரியாது.” எந்த ஓவியப் பள்ளியும் சொல்லித் தராத துல்லியம் அது. காலையில் மலையில் நான் பார்த்ததும் அதுதான்: முகம் இல்லை, கை உண்டு.

மழையைப் பற்றிப் பிள்ளைகள் சிரித்துப் பேசினாலும் ஊவாவில் மழை வெறும் வேடிக்கை அல்ல. எல்லவிலிருந்து வெல்லவாய இறக்கத்தில் போய் மேற்கே திரும்பினால் கொஸ்லந்தை. அதற்கு மேலேதான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பலர் பள்ளிக்குப் புறப்பட்டுப் போன வேளையில், மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயேதான் குடியிருந்தார்கள், வேறு போக இடம் இல்லாததால். இந்தப் பகுதித் தாய்மார் இரவு மழை வலுத்தால் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் உட்கார்த்தி வைப்பது உண்டு என்று நண்பர் சொன்னார். இதுவும் ஒரு பிள்ளையின் மழைதான். இதையும் பிள்ளைக்குப் பயம் வராமல், பொய்யும் சொல்லாமல், கதையாகச் சொல்ல ஒரு கை தேவைப்படுகிறது.

ஊவாவுக்கு எழுத்து புதிது அல்ல. ஹாலிஎலவுக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, லயத்து அறையின் நெருக்கத்தைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். அவருடைய நாவல் ஒன்றுக்குப் பெயர் ‘குடை நிழல்’. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ இல்லாமல் மலையக இலக்கியம் பேச முடியாது. பெரியவர்களுக்கு நம்மிடம் கதை இருக்கிறது. சிறுவர் பக்கம் திரும்பினால், நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்பும் கத்தரித் தோட்டத்து வெருளியும் தலைமுறை தலைமுறையாகப் பாடப்புத்தகத்தில் வருகின்றன. அருமையான பாட்டுகள், ஆனால் அந்தக் கூழும் பனையும் யாழ்ப்பாணத்துடையவை. ‘ரூம் டு ரீட்’ போன்ற நிறுவனங்கள் சிங்களத்திலும் தமிழிலும் உள்ளூர்ப் படப்புத்தகங்கள் போட்டு நல்ல தொடக்கம் செய்திருக்கின்றன. இருந்தும் பதுளைக் கடைகளில் நான் தேடியது, கொங்காணி போட்ட ஒரு அம்மா அட்டையில் இருக்கும் படப்புத்தகம். கிடைக்கவில்லை. கிடைத்தவை வெள்ளைக்கார இளவரசிகளும் இந்தியாவில் அச்சான யானை முயல் கதைகளும்.

இதை ஒரு குறையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்லை. சிபிலின் வாழ்க்கையில் நமக்கு ஒரு வழி இருக்கிறது. அவர் ஓவியக் கல்லூரிக்குக் காத்திருக்கவில்லை. ஆறு வயது வரை வாழ்ந்த வாசலை நம்பினார். லியரிடமும் அதே வழிதான்: பாடம் பண்ணி வைத்த பறவையை விட்டுவிட்டு உயிருள்ளதன் எதிரில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் செய்தது எதிரில் இருப்பதை வெட்கப்படாமல் பார்த்தது. லயத்தைப் பார்த்து வெட்கப்படத்தான் நம் பிள்ளைகளுக்கு நாம் இதுவரை கற்றுக் கொடுத்திருக்கிறோம். அதனால்தான் ஊரை வரை என்றால் ஓட்டு வீட்டையும் தென்னையையும் வரைகிறார்கள்.

ஆகவே சித்திரம் தெரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ சென்னையிலோ இருங்கள். நவம்பர் மாதத்தில் ஒரு முறை ஊவாவுக்கு வாருங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்த பிறகு, அதற்குக் கீழே உள்ள தோட்டம் ஒன்றுக்கும் இறங்கிப் போங்கள். அனுமதி கேட்டு, மழையில் நின்று, பார்த்து வரையுங்கள். தோட்டத்து ஆசிரியர்களுக்கு ஒன்று: பிள்ளைகள் சொல்லும் முடிவுகளைக் கொப்பியில் எழுதி வையுங்கள், வரைந்த தாளைக் குப்பையில் போடாதீர்கள். பதிப்பாளர்களுக்கு ஒன்று: பதினாறு பக்கம் போதும், கறுப்புக் கோடும் ஒரே ஒரு வர்ணமும் போதும், விலை ஒரு நாள் சம்பளத்தைத் தொடாமல் இருந்தால் போதும். “இது எங்க அப்பாயி” என்று ஒரு பிள்ளை விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு பக்கம் அதில் இருக்கட்டும். வாசித்துக் காட்ட ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வகுப்பு காத்திருக்கிறது.